ஏகாம்பரம் மல்லாட்டை

அக்டோபர் 9, திங்கள்

இந்த நாட்குறிப்பை நானாக ஆரம்பிக்கவில்லை. காலையில் இட்லித் தட்டை வைத்த கையோடு என் மனைவி செங்கமலம் சொன்னாள்: "ஏங்க, இனிமே மல்லாட்டையப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டுட்டேன். எதுலயாவது எழுதி வையுங்க, புண்ணியமாப் போவும்." மகள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த டைரி ஒன்று பீரோவில் கிடந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சரி, எழுதுகிறேன். என் பெயர் முனைவர் மு. ஏகாம்பரம். செஞ்சிப் பக்கம் நெடும்பாக்கம் நிலக்கடலை ஆராய்ச்சிப் பண்ணையில் புது ரகங்களை உண்டாக்குவது என் வேலை. பிறந்தது காஞ்சிபுரம் டவுன். நிலக்கடலையை, இந்தப் பக்கத்து வழக்கில் மல்லாட்டையை, நான் முதலில் பார்த்தது பொட்டலத்தில்தான். அதனால் என்ன? பொட்டலத்தில் பார்த்தவன்தான் அதில் சொத்தையைக் கவனிப்பான்.

என் எதிரி மஞ்சள் பூசணம். அது மல்லாட்டையில் ஏறினால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை விட்டுவிட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுசாகப் போகாது, மெல்ல ஈரலைத் தின்னும். இதை ஒருநாள் செங்கமலத்திடம் விளக்கியபோது, "அப்ப என் ஈரல இத்தினி வருசமாத் தின்னது யாரு, பூசணமா?" என்று கேட்டாள். எனக்குப் பொறுமை அதிகம்.

இப்போது வயலில் எட்டு ரகங்கள் நிற்கின்றன. எந்த ரகம் பூசணத்தைத் தாங்குகிறது என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே மண்ணில் பூசணத்தைக் கலந்து, கடைசி மூன்று வாரம் தண்ணீர் காட்டாமல் வாட்டி வைத்திருக்கிறேன். செடி தாகத்தில் கிடக்கும்போதுதான் பூசணம் ஏறும். ஏழாம் எண் என்னுடையது. பதினோரு வருஷத்து உழைப்பு. வரும் மே மாதம் எனக்கு ஓய்வு. டிசம்பர் ஒன்றாம் தேதி குழு கூடி, எட்டில் ஒன்றை விவசாயிகளிடம் கொடுக்கத் தேர்ந்தெடுக்கும். எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

ரகத்துக்கு ஆள் பெயரெல்லாம் வைக்க மாட்டார்கள், எழுத்தும் எண்ணும்தான். ஆனால் ஊர் வாய் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைக்கும். என்றாவது ஒரு விவசாயி, "எனக்கு ஏகாம்பரம் மல்லாட்டைதான் வோணும்" என்று கேட்க வேண்டும். இந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. செங்கமலத்திடம் மட்டும் ஒரு தடவை சொன்னேன். ஒரு தடவை என்றால், வாரத்துக்கு ஒரு தடவை.

அக்டோபர் 12, வியாழன்

சாலையில் போகிறவன் வருகிறவன் எல்லாம் என் சோதனை வயலில் இறங்கிச் செடியைப் பிடுங்கித் தின்கிறான். "பூசணம் விட்ட வயல். காயைத் தின்னாதீர்கள். நச்சு" என்று போன வாரம் பலகை வைத்தேன். இன்று பலகையின் காலிலேயே சாய்ந்து உட்கார்ந்து ஒருவர் உரித்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதா என்று கத்தினேன். "படிச்சேன் சார். காவலுக்கு ஆள் போட முடியலன்னா எல்லாரும் இப்பிடித்தான எழுதி வெப்பாங்க" என்றார் பொறுமையாக. எனக்கு விளக்கிச் சொல்கிறாராம்!

வேலி போடச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

செடி பிடுங்கினோம். ஏழின் காய் ஒவ்வொன்றும் லட்சணமாக, இடுப்பு ஒடுங்கி, ஓடு மெல்லிசாக இருக்கிறது. கையில் எடுத்தால் வைக்க மனம் வரவில்லை.

நாலாம் எண் முனைவர் பியூலாவுடையது. திருநெல்வேலிப் பெண், என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள். அவளும் ரகம் உண்டாக்குகிறவள்தான். மல்லாட்டையைக் கடலை என்பாள். நாலின் காய் குட்டை, நிறம் மங்கல், ஓடு கருங்கல். தரையில் போட்டால் டங் என்று சத்தம் வருகிறது. "என்னம்மா, இத உடைக்க உளி வேணுமா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும், "ஓடு கெட்டின்னா பூசணம் உள்ள போறது கஷ்டம்லா சார்" என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பாவம், சின்ன வயசு.

அக்டோபர் 18, புதன்

மழை. பண்ணைக் கிடங்கு ஒழுகுகிறது. தலைவர், "ஏகாம்பரம், எட்டு சாக்கையும் உங்க வீட்டுக்கே கொண்டு போயிடுங்க. மாடி இருக்குல்ல" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. என் மேற்பார்வையில், என் வீட்டில், ஒரு துளி ஈரம் படாமல் பார்த்துக்கொள்வேன்.

செங்கமலத்துக்கு இதில் பாலும் தெரியவில்லை, பழமும் தெரியவில்லை. ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுச் சாக்குகளை அடுக்கினோம். எந்தச் சாக்கில் ஒரு காய் குறைந்தாலும் எனக்குத் தெரியும் என்று எச்சரித்தேன். "நச்சுன்றீங்க, அப்புறம் எண்ணி வெக்கிறேன்றீங்க. வெசத்தத் திருடித் தின்ன எனக்கு இன்னா தலையெழுத்தா?" என்றாள்.

அக்டோபர் 22, ஞாயிறு

ஆயுத பூஜைக்கு முதல் நாள். சம்பந்தி பழமலை விருத்தாசலத்திலிருந்து மல்லாட்டை உருண்டை கொண்டு வந்தார். மரியாதைக்காக ஒன்றை எடுத்தேன். கடமைக்காக அதை ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி என் புற ஊதா விளக்கைப் போட்டேன். நச்சு இருந்தால் இந்த வெளிச்சத்தில் நீலமாக மின்னலாம். மின்னினாலும் சந்தேகம்தானே தவிர முடிவில்லை, இருந்தாலும் பார்ப்பது நல்லது.

நான் எங்கே போனேன் என்று தேடிக்கொண்டு சம்பந்தி உள்ளே வந்துவிட்டார். உருண்டையில் இரண்டு புள்ளி லேசாக மின்னியது. அவர் வேட்டியோ இடுப்பிலிருந்து கால்வரை நீலமாக ஜொலித்தது. அது சோப்புத்தூள் செய்யும் வேலை, பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினேன். உருண்டையைத்தான் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

சாயங்காலம் மகள் போனில் அழுதாள். "அப்பா, எங்க மாமனார விளக்கு அடிச்சுப் பாத்தீங்களாமே!" நான் உருண்டையைத்தான் பார்த்தேன். அவர் வந்து குறுக்கே நின்றால் நான் என்ன செய்வேன்?

அக்டோபர் 29, ஞாயிறு

வெயில் நன்றாக அடித்தது. ஒரு வாரமாக மாடியில் காயப்போட்டதில் காய்கள் நன்றாகக் காய்ந்து, ஆட்டினால் கலகலவென்கின்றன. என் ஆயுளில் இவ்வளவு ஒழுங்காக மல்லாட்டை காய்ந்து நான் பார்த்ததில்லை.

இனி உடைக்க வேண்டும். போன இரண்டு வருஷமும் லேபில் ஒரு கைப்பிடி கேட்டார்கள், அங்கேயே இடுக்கியால் நெரித்து எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷமும் ஏழுதான் முதல். இந்த வருஷம் ரகத்துக்கு ஐந்து கிலோ பருப்பு வேண்டுமாம். மெஷினில் போட முடியாது, பருப்பின் தோல் கீறிவிடும். தோல் கீறினால் பூசணத்துக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. கையால்தான் உடைக்க வேண்டும். பண்ணை ஆட்கள் எல்லாம் நெல் வயலுக்குப் போய்விட்டார்கள்.

"அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு இருக்கீங்க? நம்ம தெரு அஞ்சலாட்சிகிட்ட சொன்னா ஆறு பொம்பளைங்களக் கூட்டியாந்து மூணு நாள்ல முடிச்சிருவா" என்றாள் செங்கமலம். அஞ்சலாட்சி என்பவள் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை உடைத்தே கை காய்த்தவள். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: எட்டு ரகமும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. வேறெந்த நிபந்தனையும் தேவைப்படவில்லை.

சாயங்காலம் நடந்துவிட்டு வந்தபோது அஞ்சலாட்சி மாடியிலிருந்து காலி வாளியோடு இறங்கினாள். "ராவெல்லாம் ஊறட்டும்க்கா, காலைல வர்றோம்" என்று செங்கமலத்திடம் சொன்னாள். நாளைக்கு இட்லி போலிருக்கிறது.

அக்டோபர் 30, திங்கள்

இட்லி இல்லை, உப்புமா.

பெண்கள் வேலை செய்யும் வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். விரல் பட்டதும் ஓடு பொத்தென்று வாய் திறக்கிறது. ஏழாம் எண்ணின் ஓடு எவ்வளவு மென்மை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் இருந்தது. வெயிலில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், குடிப்பார்கள். சொம்பு ஒன்று கொடுத்து அனுப்பினேன். என்னைப் பார்த்து ஒருத்தி, "நல்ல மனசு சார்" என்றாள்.

நவம்பர் 1, புதன்

முடிந்தது. கடைசியாக நாலாம் சாக்கை உடைத்தார்கள். அதற்கு மட்டும் அரை நாளுக்கு மேல் ஆனது. நான் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாடியில் "ஏகாம்பரம்" என்று யாரோ சொல்வதும் எல்லோரும் சிரிப்பதும் திரும்பத் திரும்பக் கேட்டது. செங்கமலத்தின் சிரிப்புதான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது. என் பெயர் தெருவில் இவ்வளவு பிரபலம் என்று எனக்கே தெரியாது. உழைக்கிற ஜனங்களுக்கு யார் உழைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

பருப்பை நானே என் கையால் எட்டு பாலிதீன் கவரில் கொட்டி, காற்றுப் புகாதபடி இறுக்கிக் கட்டி, சீட்டு ஒட்டினேன். பருப்பு கைக்குக் குளுகுளுவென்று இருந்தது. எடையும் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூட. நல்ல விளைச்சல்.

நவம்பர் 3, வெள்ளி

லேபில் கருவி பழுது. தீபாவளி கழித்து வாருங்கள் என்கிறார்கள். கவர்களை வீட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

நவம்பர் 10, வெள்ளி

"பீரோக்குள்ள இன்னாமோ வாட அடிக்குதுங்க. பட்டுப் பொடவையெல்லாம் அங்கதான் கீது" என்றாள் செங்கமலம். தீபாவளி எண்ணெய்ப் பலகாரத்துக்கு நடுவில் வாடை அடிக்காமல் என்ன செய்யும் என்று கேட்டேன். ஏழுக்குத் தோல்வியே கிடையாது என்று இன்று மனசுக்குள் ஒரு தெம்பு.

நவம்பர் 15, புதன்

எழுதக் கை வரவில்லை.

லேபில் கவர்களை அவிழ்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றிலும் பூசணம். ஏழாம் கவரை அவிழ்த்ததும் பியூலா மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே பருப்பே தெரியவில்லை. பச்சையும் மஞ்சளுமாகக் கம்பளி நெய்து போர்த்திய மாதிரி இருந்தது. பதினோரு வருஷம்! என் பிள்ளை, என் கண்ணெதிரில்! நாலாம் கவரில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி. மற்றபடி பருப்பு சிவப்பாகச் சுத்தமாக இருந்தது. நச்சு அளவும் அப்படியேதான் வந்தது. ஏழு எல்லாவற்றையும்விட மோசம், நாலில் மட்டும் பேருக்குக் கொஞ்சம்.

எட்டு கவரில் ஒருத்தியுடைய கவர் மட்டும் நன்றாக இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "என்னம்மா பண்ணின?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டேன்.

பியூலா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "சார், உங்க வீட்டுப் பீரோச் சாவி எங்கிட்டயா இருந்துச்சு?" என்றாள். பிறகு கவரின் உள்பக்கத்தை விரலால் தடவிக் காட்டினாள். வியர்த்திருந்தது. "பருப்புல ஈரம் இருந்திருக்கு சார். காஞ்ச கடலைக்கு ஈரம் எங்கேருந்து வந்துச்சு?"

வீட்டுக்கு வந்து செங்கமலத்திடம் கேட்டேன், மாடியில் மழை பெய்ததா என்று. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மழையா? தண்ணி தெளிச்சிச் சாக்குல கட்டி ஊற வெச்சாதான மல்லாட்ட ஒடையும். தெளிக்காம எப்பிடிங்க ஒடைக்கிறது? நகம் பிஞ்சிறாதா? இது ஊருக்கே தெரியுமே."

ஊருக்கே தெரியும். மல்லாட்டையில் டாக்டர் பட்டம் வாங்கிய எனக்கு மட்டும் தெரியாது. நான் பூசணத்துக்குப் பயந்து ஒரு துளி ஈரம் படாமல் காய வைத்தேன், அதன்மேல் இவர்கள் வாளி வாளியாக ஊற்றினார்கள், அதை நான் பாலிதீனில் கட்டிப் பீரோவில் அடைகாத்தேன். கடைசிப் பங்கை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். செங்கமலம் இதைப் படிக்கிறாளோ என்று சந்தேகம் இருப்பதால் எழுதுகிறேன்.

நவம்பர் 16, வியாழன்

அஞ்சலாட்சியை வரவழைத்துச் சத்தம் போட்டேன். அவள் கேட்டுவிட்டு, "கலக்கக் கூடாதுன்னு மட்டுந்தான சார் சொன்னீங்க? கலக்கல" என்றாள். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், "காஞ்சத ஒரு படி ஒடைச்சிப் பாருங்க சார், அப்பால பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திமிர்!

நவம்பர் 17, வெள்ளி

தலைவர் அறைக்குக் கூப்பிட்டார். காபி வரவழைத்தார். "எதுக்கு மனசப் போட்டு உழப்பிக்கிறீங்க ஏகாம்பரம்? இது விபத்து. இந்த வருஷக் கணக்க எடுத்துடுங்க. போன ரெண்டு வருஷ முடிவு இருக்கு, ரெண்டுலயும் உங்க ஏழுதான் முதல். அதக் குழுவுல வையுங்க. நான் பாத்துக்கறேன். ஓய்வு பெறப் போறீங்க, ஒரு ரகத்தோட போங்க."

நல்ல மனிதர். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. விபத்துதானே? காபி நன்றாக இருந்தது. வருகிற வழியெல்லாம் ஏழு ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

நவம்பர் 19, ஞாயிறு

சாக்குகளில் பாதிக்கு மேல் உடைக்காத காய் இன்னும் இருக்கிறது. அஞ்சலாட்சியின் திமிரை அடக்குவதற்காக ஏழாம் எண்ணில் ஒரு படி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். காய்ந்த காயைக் கையால் உடைப்பது என்ன பெரிய வித்தை?

முதல் இருபது காய் சுலபமாக உடைந்தது. பிறகு கட்டைவிரல் நகம் வலித்தது. பிறகு சிவந்தது. கால் படி முடிவதற்குள் விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையை நாள் முழுக்க, வருஷம் முழுக்கச் செய்கிறார்களா?

பக்கத்தில் குடிக்கிற தண்ணீர்ச் சொம்பு இருந்தது. கொஞ்சம் தெளித்துப் பார்த்தேன். பரிசோதனைக்காகத்தான். பொத்தென்று உடைந்தது. இன்னும் கொஞ்சம் தெளித்தேன். அரை படி ஆனதும் நிமிர்ந்து பார்த்தால் செங்கமலம் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 20, திங்கள்

செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்குப் போனேன். விதைக்கு உடைக்கிற மல்லாட்டைக் குவியல்மேல் ஒருவர் குடத்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அடுத்த குவியலிலும் அதே. ஏன் தெளிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, வெளியூர்க்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பத்து தடவை இதே கமிட்டியில் பூசணத்தைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறேன். மேடைக்குப் பின்னாலேயே தெளித்திருப்பார்கள். நான் முன்னால் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் என் ஏழு லேபில் இடுக்கிக்கு முன்னால் ஜெயித்தது. ஊரில், சாக்குக்குள், தோற்றுவிட்டது. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது? தெளிக்காதீர்கள் என்று ஊரைத் திருத்தலாம்தான். திருந்துவதற்குள் எத்தனை ஈரல்?

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. செங்கமலம், "மல்லாட்டையப் பத்தி வேணா பேசுங்க, கேக்குறேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தது என்று எழுதுவதில் வெட்கமில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

பியூலாவின் மேஜைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று போய், "எடை மெஷின் சரியா இருக்கா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். "மீதிக் காய எல்லாம் திரும்ப உடைப்போம். இந்தத் தடவ நாமளே தண்ணி தெளிப்போம். எட்டுக்கும் ஒரே அளவு, ஒரே சாக்கு, ஒரே நேரம். நானும் இருப்பேன், நீயும் இரு" என்றேன்.

அவள் நோட்டை மூடி வைத்தாள். "சார், எங்க ஊர்லயும் தெளிச்சுத்தான் உடைப்பாவ. எங்க அம்மாவும் உடைப்பா. நான்தான் அன்னைக்கே கேட்டிருக்கணும், எனக்குத் தோணல" என்றாள்.

அன்றைக்குக் கேட்டதற்கு வருத்தப்படுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. கெட்டிக்காரப் பெண்.

நவம்பர் 22, புதன்

அஞ்சலாட்சியும் பெண்களும் மாடியில். இந்தத் தடவை நானே அளந்து தண்ணீர் தெளித்தேன். "பூவுக்குத் தெளிக்கிற மாதிரி தெளிக்கிறாரு பாரு" என்று சிரித்தார்கள். நாலாம் சாக்கைப் பார்த்ததும், "ஐயோ, இதுவா? இதுக்குக் கூலி ரெண்டு மடங்கு குடுத்தாதான் ஆச்சி" என்று எழுந்தேவிட்டார்கள். பியூலாவும் கூட உட்கார்ந்து உடைத்தாள். மறுபடி என் பெயர், மறுபடி சிரிப்பு. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். பியூலா வேறு எங்கோ பார்த்தாள்.

நவம்பர் 30, வியாழன்

முடிவு வந்துவிட்டது. அதே வரிசை. நாலின் கல் ஓடு தாங்குகிறது, ஏழின் மெல்லிசு ஓடு தாங்கவில்லை.

இன்று ஏழின் காய் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 1, வெள்ளி

குழு கூடியது. தலைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், பழைய முடிவை எடுங்கள் என்று. நான் எழுந்து நாலாம் எண்ணைப் பரிந்துரைத்தேன்.

"உங்க ஏழு என்ன ஆச்சு?" என்று வெளியிலிருந்து வந்த உறுப்பினர் கேட்டார்.

"ஏழு காய்ஞ்ச இடத்துல நல்ல பிள்ளை. நம்ம ஊர்ல யாரும் காய்ஞ்சத உடைக்கிறதில்ல" என்றேன்.

நடந்தது அத்தனையும் சொன்னேன், பாலிதீன் கவர் உட்பட. பீரோ என்றபோது சிரித்தார்கள். சிரிக்கட்டும். நாலின் ஓடு கல் மாதிரி, உடைக்கிற பெண்கள் திட்டுவார்கள், அந்த ஓட்டை அடுத்து வருகிறவர்கள் கொஞ்சம் இளக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வரும் ஆடிப் பட்டத்துக்குச் சுற்று வட்டார விவசாயிகளிடம் நாலைக் கொடுப்பதென்று முடிவானது. பியூலா அழுதாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வீட்டில் செங்கமலம் கேட்டாள்: "ஏகாம்பரம் மல்லாட்ட?"

"இல்லை" என்றேன். நாலு இட்லி கூட வைத்தாள்.

ஜூன் 18, செவ்வாய்

ஓய்வு பெற்றுவிட்டேன். டைரி சோபாவுக்கு அடியில் கிடந்தது. மறுபடி எழுத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

காலையில் அஞ்சலாட்சி வாசலில் நின்று கூப்பிட்டாள். "சார், பண்ணையில ஏகாம்பரம் மல்லாட்ட வெத குடுக்குறாங்களாமே. எங்க கொல்லைக்கி ஒரு மூட்ட சொல்லி வையுங்க சார்."

"என்ன மல்லாட்டை?" என்றேன்.

"ஏகாம்பரம் மல்லாட்ட சார்."

"ஏழாம் நம்பரையா கொடுக்கறாங்க?"

"ஏழோ எட்டோ, எனக்கின்னா தெரியும்? அதான் சார், ஒடைக்கவே முடியாதே, அந்தக் கல்லு. ஒடைக்கிறவள சாவடிக்கும், ஆனா ஈரம் பட்டாலும் பூசணம் பூக்காதாம், வெதைக்கி எடுத்து வெச்சா கெடாதாம்."

"அதுக்கு யார் என் பேரை வெச்சது?"

அஞ்சலாட்சி என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினேன். இதுவரை அங்கே நின்றுகொண்டிருந்த செங்கமலத்துக்கு அடுப்படியில் திடீரென்று வேலை வந்துவிட்டது. "அன்னிக்கி மாடில ஒடைக்கறப்ப அக்காதான் சார் சொன்னாங்க. எம்மாந் தண்ணி ஊத்தினாலும் எறங்க மாட்டேங்குது, இது எங்க வூட்டுக்காரரேதான்னு. அன்னிலேர்ந்து நாங்க அப்பிடித்தான் சொல்றது. இப்ப செஞ்சி வரைக்கும் அதான் பேரு."

பியூலாவுக்குப் போன் போட்டேன். "என்னம்மா இது அநியாயம்?"

"ஆமா சார், நானும் வேற பேர் சொல்லிப் பாத்தேன். ஊர்க்காரவுவ ஏத்துக்கிட மாட்டேங்காவ."

"உனக்கு வருத்தமா இல்லையா? உன் உழைப்பு, என் பேரு."

"அதனால என்ன சார். பேரு உங்களது, கடலை என்னது" என்றாள். அவள் சிரிக்கிறாளா என்று போனில் தெரியவில்லை.

சாயங்காலம் காபியோடு ஒரு தட்டில் வறுத்த காய் கொண்டுவந்து வைத்தாள் செங்கமலம். பியூலா போன வாரம் கொடுத்தனுப்பிய நாலாம் எண். முதல் காயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன்.

"தண்ணி தெளிக்கட்டுமா?" என்று கேட்டாள். முகத்தில் சிரிப்பே இல்லை. அதுதான் அவளுடைய சாமர்த்தியம்.

"வேணாம்" என்று சொல்லிப் பல்லில் வைத்துக் கடித்தேன். படாரென்ற சத்தத்தில் உடைந்தது ஓடா பல்லா என்று முதலில் தெரியவில்லை. ஓடுதான். பருப்பு நன்றாக இருந்தது.